வளையாத கோடு

ரயில் பணிமனையில் என் அடுத்த மேசைக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டக்கா. வண்டிகள் ஓடிய விதத்தைக் கணினி கோடுகளாக வரைந்து தரும். அவற்றைப் பார்த்து யார் எங்கே பிரேக் போட்டார் என்று சொல்வது அவள் வேலை. இருந்த இடத்தில் இருக்கமாட்டாள். காலில் சக்கரம் கட்டியவள் மாதிரி ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே படிப்பாள். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

ஒரு நாள் வண்டியொன்று நடைமேடையைத் தாண்டிப் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஓட்டியவன் அவளுடைய தம்பி. அம்மா போன பிறகு இவளே வளர்த்தவன். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அது நிஜமென்றால் பிரேக் பார்த்த ஃபிட்டருக்கு வேலை போகும். பொய்யென்றால் தம்பிக்கு. இந்த வேலையை வேறொருவரிடம் தள்ளியிருக்க வேண்டும்; அறிக்கையில் கையெழுத்துப் போட அவளை விட்டால் ஆளில்லை, அதிகாரிக்கோ அவசரம்.

தூரத்தைக் காட்டும் கோட்டைத் திறந்தாள். அது முதலில் விறுவிறுவென்று ஏறி, போகப் போகப் படுத்துக்கொண்டது. பிடி தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது பார் என்றாள் என்னிடம். அப்படியே எழுதியும் கொடுத்தாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு அது. அந்தக் கோட்டின் சரிவு காட்டுவது வண்டியின் வேகத்தை, பிரேக்கின் பிடியை அல்ல. நிற்கப் போகிற வண்டிக்கு அது படுக்கத்தானே செய்யும்? எங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்; அதனால் நானும் அப்போது யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஃபிட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், தேநீரை ஆறவிட்டாள், ஒன்றுமில்லாததற்கு என் மேல் எரிந்து விழுந்தாள். கடைசியில் நின்றபடியே வேகத்தைக் காட்டும் கோட்டைத் திறந்தாள். ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இறங்கியிருந்தது. பிடி நடுவில் தளர்ந்திருந்தால் அது வளைந்திருக்கும். சரிவும் நல்ல பிரேக்குக்கு இருக்க வேண்டிய சரிவுதான். பிரேக் ஒரே சீராகப் பிடித்திருக்கிறது; தம்பிதான் அதைத் தாமதமாகப் போட்டு, தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறான்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் திரையைப் பார்க்கவே இல்லை.

"உனக்குத் தம்பி முக்கியமா, இந்தக் கோடு முக்கியமாக்கா?"

"நீ என் தம்பிங்கறதாலதான்டா கோட்டையே தப்பாப் பாத்தேன்."

தன் தவறையும் சேர்த்து எழுதி எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனாள். போகும்போது நடையில் வழக்கமான வேகம் இல்லை. ஃபிட்டர் வேலைக்குத் திரும்பினார். தம்பிக்கு இனி வண்டி கிடையாது.

அக்காவும் தம்பியும் இருப்பது ஒரே வீட்டில். அவன் இன்னும் அவளோடு பேசுவதில்லை. ஆனால் அவள் வேலை முடிந்து வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறானாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.