பூஜை போட்ட ரோந்து வண்டி

போலீஸ் ரோந்து வண்டி எங்கே நின்றாலும் நானும் நின்றுவிடுவேன். எல்லோரும் போலீஸைப் பார்த்ததும் ஹெல்மெட்டைத் தேடுவார்கள். நான் போலீஸ்காரரை விட்டுவிட்டு அவருடைய வண்டியைப் பார்ப்பேன். சிவப்பும் நீலமுமாகச் சுழலும் விளக்கு, ஹேண்டில்பாருக்குக் கீழே சைரன், பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. நாம் கடையில் வாங்குகிற அதே வண்டிதான். ஆனால் இத்தனையையும் சுமந்துகொண்டு அது எப்படித் திரும்புகிறது, பேட்டரி எப்படித் தாங்குகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவி இதைப் பைத்தியம் என்பாள். அதற்கு வேறு பெயர் எனக்கும் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் புதுவாயல் கூட்டுரோட்டில் டீ குடிக்கும்போது ரோந்துக் காவலர் ஒருவர் பழக்கமானார். கடம்பத்தூர்க்காரர், வயதில் என்னைவிடச் சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். வண்டியை ஒருமுறை கிட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

"ரோட்ல நீங்க வண்டிக்கு அடியில பட்த்துக்கினு இருந்தா எனக்கு மெமோ குடுத்துடுவாங்கண்ணா" என்று தட்டிக்கழித்துவந்தார். கடைசியில் மனம் இரங்கி, ஆயுத பூஜையன்று ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

எங்கள் கம்பெனியில் பூஜையைக் காலையிலேயே முடித்துவிட்டோம். பூஜைக்கு முன்னால் மெஷின்களை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவது எங்கள் வழக்கம். அந்த எண்ணெய் வாசனை போகாத கையில் பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை போல ஸ்டேஷனுக்குப் போய் இறங்கினேன்.

வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். உள்ளே மேசைமேல் லத்தி, கைவிலங்கு, வாக்கி டாக்கி எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. வெளியே ஒரு ரோந்து வண்டி மாலையோடு நின்றது. இன்னொன்றை ஏட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தார். பூஜை போட்ட வண்டியில் பிள்ளைகளை ஒரு ரவுண்டு கூட்டிப்போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. காவலரின் மகள், யூ.கே.ஜி. படிக்கும் குழந்தை, அப்பா வண்டி வேண்டாம், ஏட்டு மாமா வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டதாம்.

"புதுவாயல் வரிக்கும் போயிட்டு வர்ட்டும். நீங்க பாருங்கண்ணா, இன்னிக்கு உங்க நாளு" என்றார்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, ஓரமெல்லாம் புதிதாகவே இருந்தது. நாள் முழுக்க நேராகவே போய் வருகிற வண்டி. கிளட்ச் லீவரில் விரல் படும் இடம் வெள்ளி போல மின்னியது. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அந்த மனிதரின் இடதுகை என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சைரன் ஒயர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தபோது, முன்சக்கரத்து டிஸ்க் கண்ணில் பட்டது. பிரேக் பிடிக்கும்போது பேட் கவ்வுகிற வட்டத்தகடு. அது ஒரு மாதிரி பளபளத்தது. விரலால் தொட்டேன், வழுக்கியது. மோந்து பார்த்தேன். காலையில் நான் மெஷினைத் துடைத்த அதே வாசனை.

எனக்குப் பகீரென்றது. பின்சக்கரத்துக்குத் தாவினேன். அதுவும் டிஸ்க்தான், அதிலும் எண்ணெய்.

"இத யாரு தொடச்சது?"

"நான்தாண்ணா" என்றார் பெருமையாக. "ஒரே துரு. எண்ணெய்த் துணிய வெச்சித் தேச்சேன் பாருங்க, கண்ணாடி மாரி ஆயிட்ச்சி."

"தம்பி, இதுல எண்ணெ பட்டா பிரேக்கே புடிக்காது." சார் என்பது எங்கோ போய்விட்டது. "அந்த வண்டியையும் தொடச்சியா?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஏட்டைக் கூப்பிட உள்ளே ஓடினார். ஏட்டின் வாக்கி டாக்கி குங்குமப் பொட்டோடு மேசைமேல் இருந்தது. பக்கத்தில் அவருடைய செல்போனும் இருந்தது, அதற்கும் ஒரு பொட்டு. ஓடிவந்த வேகத்தில் தன் வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்துவிட்டார்.

எட்டிச் சாவியைப் பிடுங்கினேன். போலீஸ் நம் வண்டிச் சாவியைப் பிடுங்கித்தான் நாடு பார்த்திருக்கிறது. நான் போலீஸ் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "இதுலயும் பிரேக் கெடையாது. என் வண்டியில ஏறு" என்று கத்தினேன்.

சர்வீஸ் ரோட்டில் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். "ஹெல்மெட் கூட போடலண்ணா, மாலைய எட்த்துக் கழுத்துல போட்டு அனுப்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினேன்.

கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. அதைச் சுற்றிக் கூட்டம். ரோடெல்லாம் சிவப்பு. பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது மனிதக் குரல் மாதிரியே இல்லை. நான் நிறுத்துவதற்குள் அவர் குதித்து, விழுந்து, எழுந்து ஓடினார். வண்டியை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

பூசணிக்காய். லாரிக்குத் திருஷ்டி சுற்றி, குங்குமத்தைக் கொட்டி உடைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் எங்களைப் பார்த்து, பொரி எடுத்துக்கச் சொல்லித் தட்டை நீட்டினார். காவலர் அந்தச் சிவப்புக்கு நடுவில் அப்படியே குந்திவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்தியபோதுதான் லாரிக்கு அந்தப் பக்கம் ஏட்டு தெரிந்தார். இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய வந்துகொண்டிருந்தார். மேலே மாலையோடு குழந்தை சாமி ஊர்வலம் போல உட்கார்ந்திருந்தது.

"இன்னாப்பா வண்டி இது, பிரேக்கே புடிக்கல. ஒரு பஸ்ஸுக்குள்ள பூந்திருப்பேன். பாப்பா கீதேன்னு எறங்கித் தள்ளிக்கினே வந்துட்டேன்."

காவலர் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். அழுகையில் அவருடைய முதுகு குலுங்கியது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் தெரியாத்தனமாக அதைக் கேட்டேன்.

"பாப்பா இல்லன்னா இன்னா பண்ணியிருப்பீங்க?"

ஏட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னா பண்றது? கால ரோட்ல தேச்சிக்கினே ஓட்டிக்கினு வந்திருப்பேன். போன மழைக்கு பேட் தேஞ்சி, இரும்பும் இரும்பும் கிறீச்சுனு கத்திக்கினு இருந்துச்சி. மாத்துற வரிக்கும் அதுலதான் டூட்டி பாத்தேன். வண்டி இல்லன்னா ரவுண்ட்ஸ் நிக்குமா?"

இத்தனை வருஷமாக ஆசை ஆசையாகப் பார்த்த வண்டிகள் இவை. பேட்டரி தாங்குமா என்று கவலைப்பட்டிருக்கிறேனே தவிர, மேலே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. ஏட்டு சொன்னது நிஜமா என்று கேட்பதுபோலக் காவலர் பக்கம் திரும்பினேன்.

மகளை இறுக்கிக்கொண்டு நின்ற அவர், அழுகைக்கு நடுவிலேயே, ஆமாம், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினார்.