அருவித் தண்ணீரில் கரையாத எண்ணெய்

என் பேத்தியின் பின்கழுத்தில் கருப்புத் தடம் விழுந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. மருமகள் அதை அழுக்கு என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பயத்தமாவைக் குழைத்துத் தேய்ப்பாள்.

"எரியுதும்மா, விடும்மா."

"அசையாம நில்லுட்டி. வெயில்ல ஆடிட்டு வந்து என்ன நெறம் ஆயிருக்க பாரு."

தேய்க்கத் தேய்க்கத் தோல் சிவந்தது. கருப்பு போகவில்லை.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன். எண்ணெய் நீரில் கரையாது என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்பது நினைவில்லை. ஆனால் குற்றாலத்தில் குளித்துவிட்டு எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது என்று எங்கள் தென்காசிப் பக்கம் சொல்வதை நானும் நம்பினேன். அருவி தலையில் அடித்தபின் வரும் பசி அப்படி. அந்தப் பசியில் நான்கு பரோட்டாவும் சால்னாவும் போன இடம் தெரியாது.

மகன் வெளியூரில் போலீஸ் வேலையில் இருக்கிறான். வீட்டுச் சமையல் மருமகள் பொறுப்பு. மாதத்து எண்ணெயை ஒரு புட்டியில் ஊற்றி, வாரத்துக்கு ஒரு கோடு போட்டு வைப்பாள். அந்தந்த வாரக் கோட்டுக்குக் கீழே எண்ணெய் இறங்க விடமாட்டாள். சாயங்காலம் பிள்ளைக்கு அவித்த பயறும் பழமும்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று அவள் காதில் விழும்படியே சொல்லியிருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கத்தான் மாமா" என்பாள்.

போன வருடம் குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கியதும் சனிக்கிழமைகளில் பேத்தியை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். குளித்துவிட்டு ஒரு கடையில் பரோட்டாவும் பொரித்த கோழியும். வரும் வழியில் நேந்திரம் சிப்ஸ். முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: "அம்மா கேட்டா வாழைப்பழம் தின்னோம்னு சொல்லுட்டி." மறுவாரம் அவளே, "எத்தன பழம்னு சொல்லணும் தாத்தா?" என்று கேட்டாள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணிச் சிரித்தேன்.

சீசன் முடிந்தது. அருவி நூலாக வழிந்தது. எங்கள் சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. குளிக்கத் தண்ணீர் இல்லாதபோதும் பரோட்டா இருந்தது. பிறகு டியூஷனிலிருந்து கூட்டிவரும் சாக்கில் வாரம் ஒரு நாள் என்பது மூன்று நாளாயிற்று.

பள்ளிச் சீருடையை இரண்டு முறை பிரித்துத் தைத்தார்கள். மாடிப்படி ஏறினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. மருமகள் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். நானும் போனேன். இரத்தமும் ஸ்கேனும் பார்த்த பிறகு டாக்டர் சொன்னார்.

"கழுத்துல இருக்கது அழுக்கு இல்லம்மா. இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா தோல் இப்படிக் கருக்கும். ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. இப்படியே விட்டா சர்க்கரையில கொண்டுபோய் விடும். பிள்ளைக்கு என்னதான் குடுக்கீங்க?"

மருமகள் காலையிலிருந்து இரவுவரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்லுதாங்க. பயறும் கீரையும் தின்னா ஈரல்ல கொழுப்பு எங்கன இருந்தும்மா வரும்?"

"சத்தியமா டாக்டர்..." என்றாள் மருமகள்.

டாக்டர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "வெளிய எதும் சாப்பிடுவியா நீ?"

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"வாழைப்பழம்" என்றாள்.

வீடு வந்ததும் மருமகள் நேராக அடுக்களைக்குப் போய் எண்ணெய்ப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய் அந்த வாரக் கோட்டுக்கு மேலேயே நின்றது. இன்னொரு தடவையும் தூக்கிப் பார்த்தாள். அவள் தன்னையே சந்தேகப்படுகிறாள் என்று புரிந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "அழுக்குன்னு நெனச்சு அந்தப் பிள்ள கழுத்த எத்தன வாரம் தேய்ச்சேன். நீங்க அங்கன உக்காந்து பேப்பர் படிச்சிட்டுதான இருந்தீங்க மாமா?" என்றாள். பிறகு, "இத அந்த டாக்டர்ட்ட வந்து சொல்லுங்க. நான் பொய் சொல்லலைன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றாள்.

மறுநாள் அவளுடன் போய்ச் சொன்னேன். டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீங்க என்ன படிச்சிருக்கீங்க சார்?" அதையும் சொன்னேன். அவர் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் அதுவரை கேட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன். அவள் முன்னால் நடந்தாள்.

இப்போது மறுபடியும் சாரல். பேத்தியும் நானும் ஐந்தருவிக்குப் போகிறோம். மருமகள் சின்னத் தூக்குவாளியில் சுண்டல் கொடுத்துவிடுகிறாள். கழுத்துக் கருப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. முழுக்கப் போக நாளாகும் என்கிறார் டாக்டர்.

போன வாரம் சுண்டலைத் தின்று கை கழுவியதும் பேத்தி கேட்டாள்:

"தாத்தா, அம்மாட்ட என்ன சொல்லணும்?"

"சுண்டல் தின்னோம்னு சொல்லு."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசத்தையேவா சொல்லணும்?"