பாரிவாக்கத்துப் பஞ்சுருட்டான்

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா கீது? அத்தோ பார், கம்பி மேல குந்திகினு கீது!"

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் தொடங்கும். திட்டுகிறவள் என் ஊட்டுக்காரி. ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினோடு மல்லுக்கட்டுகிற நான், ஏழாவது நாள் பாரிவாக்கம் ஏரிக்கரையில் கேமராவோடு திரிவேன். முதலில் அவளுக்கு அது ஒரே கிண்டல். "ஞாயித்துக்கிழமைன்னா ஊரே கறிக்கடைக்குப் போவுது, இந்தாளு காக்காவைப் பார்க்கப் போறாரு" என்று பக்கத்து ஊட்டில் சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் ஒருநாள் சும்மா கூட வந்தாள். ஒரே மாசத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். நான் லென்ஸைத் திருகிக்கொண்டிருப்பேன், அவள் வெறுங்கண்ணால் புதருக்குள் இருப்பதைச் சொல்லுவாள். எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் அவள் சொன்ன இடத்தில் பறவை இல்லாமல் போனதே இல்லை.

பஞ்சுருட்டான் குருவியின் பொந்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஏரியை ஒட்டி மனை போட்டிருந்தார்கள். யாரோ கடைக்கால் தோண்டி, மண்ணைக் குவித்து, அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மேட்டின் பக்கவாட்டில் டீ கிளாஸ் வாய் அளவுக்கு ஒரு துவாரம். பச்சை உடம்பும் வாலில் ஊசி மாதிரி நீட்டலும் கொண்ட ஒரு குருவி தும்பியைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது, வெறும் வாயோடு வெளியே வந்தது.

"உள்ள குஞ்சு கீதுய்யா" என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. திரும்பி வரும்போது என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "தோ பார், யார்கிட்டயும் சொல்லாதே. கம்முனு இரு."

"நான் ஏம்மே சொல்லப் போறேன்?" என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

நான் ஒரு போட்டோ குரூப்பில் இருந்தேன். முக்கால்வாசிப் பேர் பெரிய பிளாட்டுகளில் இருக்கிற ஐ.டி. ஆட்கள். கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். நான் என்ன படம் போட்டாலும் ஒருத்தரும் சீண்டமாட்டார்கள். மறுநாள் தும்பியோடு பஞ்சுருட்டானைப் போட்டேன். "ப்ரோ, செம! லொகேஷன் ப்ளீஸ்" என்று அடுத்தடுத்து நாலு பேர் கேட்டார்கள். என்னைக் கேட்கிறார்கள், பிரஸ் ஷாப்காரனை! தலைகால் புரியவில்லை எனக்கு. கேன்டீனில் சோற்றுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை மேப்பில் குறித்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது ஏழு பேர் அங்கே மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குருவி வந்து உட்காரட்டும் என்று ஒருத்தர் பொந்துக்கு எதிரில் காய்ந்த குச்சி ஒன்றை நட்டுவைத்திருந்தார். அம்மாக் குருவியோ அப்பாக் குருவியோ, வாயில் பூச்சியோடு மின்கம்பியிலேயே இருந்தது. கீழே வருவதும் திரும்பிப் போவதுமாக அல்லாடியது.

"எல்லாம் கொஞ்சம் எந்திரிச்சுப் போங்க சார், அது உள்ள போவணும்" என்றாள் என் ஊட்டுக்காரி.

"அஞ்சே நிமிஷம்க்கா" என்று சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது.

"நீ ஊட்டுக்குப் போமே" என்றேன்.

அவள் போய்விட்டாள். நான் அவர்களோடு சேர்ந்து மண்ணில் படுத்து, முழங்கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து படம் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இன்றுவரை அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அவள் என்னை மறுபடி அங்கே இழுத்துக்கொண்டு போனாள். துவாரத்தைக் காணோம். மேலிருந்து மண் சரிந்து அடைத்துக்கொண்டிருந்தது. அது யார் முழங்கை பட்டுச் சரிந்ததோ தெரியாது, என்னுடையதாகக்கூட இருக்கலாம். அவள் குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணைத் தள்ளினாள், தள்ளத் தள்ள இன்னும் சரிந்தது. கம்பியில் குருவி இல்லை. அவள் என்னைத் திட்டவே இல்லை.

அதோடு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்று சொன்னேன், "ம்" என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் "வர்றியா மே?" என்று கேட்பேன், "நீ போய்ட்டு வா" என்பாள். தனியாகப் போனால் எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. ஏரி இருந்தது, மரம் இருந்தது, புதருக்குள் ஏதோ கத்தியது. எங்கே என்று சொல்லத்தான் ஆளில்லை. பின்னால் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடப்பேன். அவள் என்னைத் திட்டமாட்டாளா என்று ஏங்கிப் போனேன், சத்தியமாக.

அடுத்த கோடையில் ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து சுடிதார் ஓரத்திலிருந்து ஒட்டுப்புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்த?"

"நடந்துட்டு வந்தேன். நீ வேலைக்குப் போனப்புறம் டெய்லி போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவளாலும் அடக்கமுடியவில்லை, முகமெல்லாம் பூரித்துக் கிடந்தது. "பச்சைக் குருவி பொந்து வெச்சிகீதுய்யா! ஒரு குஞ்சு வாசலாண்ட வந்து எட்டி எட்டிப் பார்க்குது. அம்மா வந்தா இன்னா கத்து கத்துது தெரியுமா!" கையை விரித்தும் குவித்தும் காட்டிக்கொண்டே இருந்தாள். அவள் இப்படிப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"எங்கமே?" என்று கேட்டுவிட்டேன்.

கை அப்படியே நின்றது. எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"கேமரா வாணாம். போனையும் ஊட்லயே வெச்சிடறேன். தூரத்துல நின்னு ஒரே ஒரு வாட்டி பார்க்கறேன்மே."

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பவில்லை. கோபமில்லாத குரலில்தான் சொன்னாள்.

"குஞ்சுங்க எல்லாம் பறந்து போவட்டும்யா. அப்பால வா, பொந்தைக் காட்டறேன்."