தனசேகரின் ஏர் ஃபில்டர்

மஞ்சள் நிறத்தில் அந்தக் கார் வந்து நின்றதிலிருந்து எருமப்பட்டியில் பலருக்குப் பொழுது நன்றாகப் போனது. ஐம்பதைத் தாண்டிய மனுசன், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டவர், கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிச் சலித்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினால் ஊர் சும்மா இருக்குமா? தவளை என்று பேர் வைத்தார்கள். ஒரு தவிட்டு மூட்டை ஏற்ற முடியாத வண்டி எதற்கு என்று கேட்டார்கள். தனசேகர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் காதில் ஏற்கெனவே டர்போ இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மீசை அரும்பும் வயதில், ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டி ஏறியவர் அவர். சத்தீஸ்கர், பீகார், ராஜஸ்தான் என்று துளை போடாத சீமை இல்லை. கம்ப்ரஸரைத் திறந்துவிட்டால் பாறை மாவாகி, பனிமூட்டம் போல வெள்ளையாகக் கிளம்பும். அதற்குள்தான் சோறு, அதற்குள்தான் தூக்கம். சாயங்காலமானால் கம்ப்ரஸரின் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி சுத்தம் செய்வார்கள். ஒரு பொடித் தூசி உள்ளே போனால் இஞ்சின் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்களின் மூக்குக்கு ஒரு துண்டு இருந்தது. வேர்த்தால் அதையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள்.

போன ஆடியில் பிடித்த இருமல் ஐப்பசியிலும் விடவில்லை. சேலத்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கிறது, படிந்தது படிந்ததுதான், இனிமேல் தூசி உள்ளே போகாமல் இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போர்வண்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார். பக்கத்தில் மனைவி சித்ராவும் இருந்தாள். தனசேகர் வண்டியில் தன் பங்கைக் கூட்டாளி தங்கசாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இந்தக் காரை வாங்கினார். ஆனால் மனசை எழுதிக்கொடுக்க முடியவில்லை. தை பிறந்ததும் சத்தீஸ்கர் போகிறோம், நீ நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும் என்று தங்கசாமி கூப்பிட்டபோது வாய் தானாக "வாரேன்" என்றது. சித்ரா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள்.

மார்கழி பிறந்தது. காரில் இருந்த பழைய காகித ஃபில்டர் கன்னங்கரேலென்று கிடந்ததால், நல்லதாக ஒன்று வாங்க அவர் சேலம் போனார். அம்மாபேட்டை போகிற வழியில் ஜான் பாஷாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பாஷா மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, இது கூம்பு. டப்பாவே வேணாம், திறந்தாப்லயே நிக்கும். மிதிச்சீங்கன்னா புலியாட்டம் உறுமும். இது எண்ணெய் போட்ட பருத்தி, கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம். எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சுன்னா சென்சார்ல போய் ஒட்டிக்கும். இது எண்ணெய் இல்லாதது, மடிப்பு ஜாஸ்தி, கம்பெனி டப்பாக்குள்ளயே கச்சிதமா உக்காரும். நம்ம ஊர்த் தூசிக்கு இதான் சரி. ஆனா சத்தம் வராது."

"சத்தம் வேணுங்க பாய்."

"எந்த ரோட்டுல ஓட்டுவீங்க?"

"எல்லா ரோட்டுலயுந்தானுங்க."

"அப்ப கூம்பு வேணாண்ணே."

"கூம்பே குடுங்க பாய்."

பாஷா சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஆசைப்பட்டு வருகிறவனை மறிப்பது அவர் வழக்கமில்லை.

அதற்குப் பிறகு தனசேகர் தரையில் நடக்கவில்லை. பனி இறங்கிய காலையில், சோளக்காட்டுக்கு நடுவே போகும் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், எங்கோ தூரத்திலிருந்து ஒரு பெருங்காற்று புறப்பட்டு அவருக்குள் புகுவது போலிருக்கும். காலை எடுத்தால் வண்டி நிம்மதியாகப் பெருமூச்சு விடும். அதோடு சேர்ந்து அவரும் மூச்சை இழுப்பார், அதோடு சேர்ந்து விடுவார். அந்த நேரத்தில் நெஞ்சு அடைப்பதே இல்லை என்று அவருக்குத் தோன்றும். மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு வந்துகொண்டிருந்தது. தென்னை உயரத்துக்கு வெள்ளைக் காகித மடிப்புகள், அவற்றுக்கு நடுவே சந்து சந்தாக அவர் நடந்து போகிறார். சுவருக்கு ஒரு பக்கம் தூசி, மறுபக்கம் குளிர்ந்த காற்று. தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று மட்டும் தெரியாது. விழித்ததும் கனவைச் சித்ராவிடம் சொல்வார். அவள் "ம்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வழக்கம் கையை இழுத்தது. போர்வண்டிக்காரன் ஃபில்டரை வெளியில் பார்த்து நம்பமாட்டான். அதைத் தாண்டி உள்ளே போகிற குழாயைக் கழற்றி, விரலை விட்டுத் தடவிப் பார்ப்பான். விரல் சுத்தமாக வரவேண்டும். தனசேகர் குழாயை இறுக்கியிருந்த பட்டையைத் தளர்த்தி விரலை விட்டார். சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். நறநறவென்றது. அவருக்கு நன்றாகத் தெரிந்த நறநறப்பு.

"அட நாசமாப் போறதே!" என்று கத்தினார். "என்ன அழகா மூச்சு உடுதுன்னு நெனச்சா, இத்தன நாளும் மண்ணயாடா தின்னுட்டு இருந்த?"

சித்ரா டீயோடு வந்து நின்று அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே அவர் சேலத்தில் இருந்தார். நான் அப்போதே சொன்னேன் என்று பாஷா சொல்லவில்லை. மடிப்பு ஃபில்டரை எடுத்துக் கொடுத்தார். அதைக் காரின் கம்பெனி டப்பாவுக்குள் உட்காரவைத்து, ரப்பர் விளிம்பைச் சுற்றி விரலால் நீவி, இடுக்கு எங்கும் இல்லை என்று பார்த்து டப்பாவை மூடினார் தனசேகர். அந்த வாரமே சித்ராவை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பினார். கார் வந்த நாளிலிருந்து அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கு என்னவோ கூப்பிட்டதும் வந்தாள்.

அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டிக் கார் மலை ஏறியது. உறுமல் இல்லை. வண்டி பட்டுப்போல வளைந்து வளைந்து போனது. மூங்கில் புதர்களுக்கிடையே மேகம் நடமாடியது. கீழே நாமக்கல் சமவெளி வெயிலில் மங்கிக் கிடந்தது. தனசேகருக்குக் கனவுக்குள் ஓட்டுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சன்னமாக ஒரு விசில். விட்டு விட்டு வந்தது.

"எங்கியோ காத்து கசியுது," என்றார்.

அடுத்த வளைவில் மெதுவாகப் போனார். விசில் கேட்டது. ஓரமாக நிறுத்திக் காதைக் கூர்மையாக்கினார். கேட்டது. ரப்பர் விளிம்புதான் சரியாக உட்காரவில்லை என்று நினைத்துக்கொண்டு இஞ்சினை அணைத்தார்.

அப்போதும் கேட்டது.

தனசேகர் மூச்சைப் பிடித்தார். நின்றுவிட்டது. விட்டார். மறுபடி வந்தது. சாவி கையிலேயே இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. ராஜஸ்தான் பாலையில் போர்வண்டி கவிழ்ந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

"வண்டி இல்லீங்க அது," என்றாள் சித்ரா. ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். "ராத்திரியானா எந்நேரமும் நான் கேட்டுட்டுப் படுத்திருக்கறது இதத்தானுங்க. வண்டிக்கு வெரல உட்டுப் பாத்தீங்க, தெரிஞ்சுது. உங்களுக்கு நான் எங்கீங்க உட்டுப் பாக்கறது?"

அவள் அழவில்லை. அவருக்குத்தான் கண் கலங்கியது. இத்தனை நாளும் கூம்பின் சத்தத்தைக் கூட்டிவைத்துத் தன் நெஞ்சின் சத்தத்தை மூடிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தபோது வெட்கமாகவும் இருந்தது.

மேகம் கடந்து போனது. பிறகு அவர் போனை எடுத்தார்.

"என்ன மாப்ள, டிக்கெட் போட்டுரட்டுமா?" என்றார் தங்கசாமி.

"நா வரல மாப்ள."

"ஏன், என்னாச்சு?"

"ஃபில்டர் போச்சு."

தங்கசாமி பெரிதாகச் சிரித்தார். "இதுக்கா? புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிப்போட்டு வா!"

"காருக்கு மாட்டியாச்சு," என்றார் தனசேகர். "எனக்குக் கடைல இல்ல மாப்ள."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. சித்ரா தன் பக்கக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். மிளகுக் கொடியும் ஈரமண்ணும் மணக்கும் மலைக்காற்று உள்ளே வந்தது. அவர் போனை வைத்துவிட்டு, இருமல் வராத அளவுக்கு, கொஞ்சமாக இழுத்துப் பார்த்தார்.