நிரோஷாவின் கணக்கு வகுப்பும் எங்கள் மரியாதையும்

போன செவ்வாய்க்கிழமை, கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில், என் கண் முன்னாலேயே ஒரு பிள்ளையின் படிப்பைத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். பக்கத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா?

மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்!

இந்தக் கிழமைப் பத்தியில் ஏதாவது இதமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. கோபம்... அதிலும் பாதி என்மேல்தான். முழுக்கதையையும் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மல்வேர்னில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு ராணி அக்காவுடையது. பாண் சுடுகிற தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ற். மகள் நிரோஷா, வருகிற செப்ரெம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம். இங்கிலிஷ் இன்னும் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். ஆனால் கணக்கு? தொண்ணூற்றேழுக்குக் கீழே இறங்கினால் இரண்டு நாள் சோறு இறங்காது பிள்ளைக்கு.

அவளது பள்ளிக்கூடத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. கடைசி வருடத்தில், பல்கலைக்கழக, அதுதான் எங்கள் கம்பஸ், முதலாம் வருடக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே படிக்கலாம். மே மாதம் ஒரு பெரிய சோதனை. அதில் நல்ல புள்ளி எடுத்தால், கம்பஸ் போகும்போது அந்தப் பாடம் முடித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். கிரெடிற் முன்கூட்டியே கையில்! நிரோஷா இஞ்சினியராக வரவேண்டும் என்று நிற்பவள். அந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு, எப்போது செப்ரெம்பர் வரும் என்று காத்திருந்தாள்.

செப்ரெம்பர் வரவில்லை. கடிதம்தான் வந்தது. 'அடுத்த வருடப் பாடங்கள் பற்றிக் கதைக்கவேண்டும், பெற்றோர் வரவும்.'

“தங்கச்சி, ஒருக்கா என்னோட வாறியே?” என்றார் ராணி அக்கா. “நிரோஷாவின்ர அப்பாவும் வேலையால நாலு மணிக்குத்தான் வருவார். இவளைக் கேட்டுச் சொல்ல விட்டா, தனக்கு ஏத்தமாதிரிச் சொல்லிப்போடுவாள்.”

ஐயோ, அவளையே சொல்ல விட்டிருக்கலாம்!

மூன்று பேரும் போனோம். அங்கே பாடத் தெரிவுக்கு வழிகாட்டுகிற கைடன்ஸ் கவுன்சிலர் ஓர் அம்மா. சிரித்த முகம், மெல்லிய குரல். ராணி அக்கா தன் கையால் செய்த பயற்றம் பணியாரத்தை ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தார். வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போகிற வழக்கம் எங்களுக்கு ஏது? கவுன்சிலர் அதை வாங்கி, முகர்ந்து பார்த்து, “எவ்வளவு அன்பு!” என்றார். பிறகு ஆரம்பித்தார்.

நிரோஷா அருமையான பிள்ளையாம். ஆனால் இன்னும் புதிதாய் இங்கிலிஷ் படிக்கிறவர்களின் ஈ.எஸ்.எல் வகுப்பில் இருக்கிறாளாம். அந்தக் கணக்கு வகுப்பு மிகவும் பாரமாம். அங்கே வருகிறவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளாம். மனம் உடைந்து போய்விடுவாளாம். இலேசான கணக்கு ஒன்று இருக்கிறதாம், அதில் சந்தோஷமாக இருப்பாளாம். “அம்மா என்ன நினைக்கிறீர்கள்?”

ராணி அக்கா கதிரையின் நுனியில்தான் இருந்தார். ஊரில் என்றால் அதுகூட இல்லை, நின்றபடிதான். 'கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்செடுங்கோ சேர்' என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வந்த பரம்பரை அல்லவா நாங்கள்! ரீச்சரை எதிர்த்து ஒரு சொல்? வாயே வராது.

“நீங்கள் படிச்ச ஆக்கள். உங்களுக்குத் தெரியாததே? பாத்துச் செய்யுங்கோ மிஸ்.”

நான் அதைப் பச்சை இங்கிலிஷில் சொன்னேன்: தாய்க்குச் சம்மதம்.

நிரோஷாவை இலேசான கணக்குக்கு மாற்றுகிற போம் ஒன்றைக் கவுன்சிலர் நீட்டினார். ராணி அக்கா கையெழுத்து வைத்தார். கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. பணியாரத்தை உள்ளே வைத்தார்கள், பிள்ளையை வெளியே வைத்தார்கள்.

நிரோஷா ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். பெரிய ஆக்கள் கதைக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்த்தது யார்? நாங்கள்தானே!

பஸ் ஸ்ரொப்பில்தான் வெடித்தாள்.

“அம்மா, என்னத்துக்கு சைன் வைச்சனீங்கள் எண்டு தெரியுமே? தற்ஸ் இற், ஐம் அவுற்! அந்த ஈஸிக் கணக்கை ஒரு கம்பஸும் எடுக்காது. இஞ்சினியரிங்குக்கு நான் அப்ளை பண்ணவே ஏலாது!”

“மிஸ் உன்ர நல்லதுக்குத்தானே சொன்னவா...”

“ஆர்ர நல்லதுக்கு?”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஒரு பிள்ளை இங்கிலிஷில் கட்டுரை எழுதத் திணறினால், அவளுக்குக் கணக்கும் வராது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினால் அதற்குப் பெயர் அக்கறையா? சரி, அந்த அம்மாவை விடுங்கள். இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு எங்கே போனது புத்தி? 'அந்த இலேசான கணக்கைப் படித்தால் எந்தக் கம்பஸ் எடுக்கும்?' என்று ஒரு கேள்வி... ஒரேயொரு கேள்வி கேட்க எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

அடுத்த நாள் காலை ஆறரைக்குக் கதவில் தட்டு. ராணி அக்கா, கோட்டும் தொப்பியுமாக. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“வெளிக்கிடு தங்கச்சி. இண்டைக்கு வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை.”

முதல் மணி அடிக்கமுன் நாங்கள் மூன்று பேரும் அந்த அறை வாசலில். டப்பா கிப்பா ஒன்றும் இல்லை. ராணி அக்கா கதிரையில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நேற்று நீங்கள் சம்மதித்தீர்களே?” என்றார் கவுன்சிலர். அதே சிரிப்பு.

“ஓம், பாத்துச் செய்யுங்கோ எண்டு சொன்னனான்தான். அது மரியாதைக்கு. மிஸ் ஒண்டையும் பாக்கேல்லை எண்டு சொல்லு தங்கச்சி. என்ர பிள்ளையின்ர கணக்குப் புள்ளி என்னவாம், கேள். கணக்கு ரீச்சரை ஒரு சொல்லுக் கேட்டவாவாமோ, அதையும் கேள்.”

நான் ஒரு சொல்லைக்கூட மெழுகவில்லை. அப்படியே சொன்னேன்.

கவுன்சிலரின் முகம் சிவந்தது. கணக்கு ரீச்சரைக் கேட்கவில்லையாம்! தொலைபேசியை எடுத்தார். அந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் மேலே இருந்து ஓடி வந்தார்.

“நிரோஷாவா? என் பட்டியலில் முதல் பெயரே அவளுடையதுதானே. யார் அதை எடுத்துவிட்டது?”

பழைய போமை ராணி அக்கா கேட்டு வாங்கி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். புதிய போமை நிரோஷா முதலில் வாசித்தாள், பிறகு நான் வாசித்தேன். தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னபிறகுதான் ராணி அக்கா பேனையைத் தொட்டார்.

குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன் என்று சும்மாவா சொன்னார்கள்? மரியாதை நல்ல சாமான்தான். ஆனால் பிள்ளையின் எதிர்காலத்தை அதற்குள் சுற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டு வரலாமா?

வகுப்பு கிடைத்துவிட்டது. நிரோஷா துள்ளுவாள் என்று பார்த்தால், வெளியே வந்தும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

“இப்ப என்னடி பிள்ளை?”

“அன்ரி, எங்கட ஈ.எஸ்.எல் வகுப்பில கணக்கு நல்லாச் செய்யிற ஆக்கள் இன்னும் அஞ்சு பேர் இருக்கினம். எல்லாரும் தமிழ். எல்லாற்ற வீட்டுக்கும் இதே கடிதம் வந்தது.”

“பிறகு?”

“எல்லா அம்மாமாரும் சைன் வைச்சிட்டினம். அடுத்த கிழமை வெள்ளி வரைக்கும்தான் மாத்தலாமாம்.”

அந்த ஐந்து அம்மாமாரில் ஒருவராவது, தமிழ்க்கடையில் மரக்கறியோடு இந்தப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், நான் வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன்.

மரியாதையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.