எட்டு வெறுந்தாள்கள்

எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். வைத்தவன் நான். காய்கறிக் கடைக்காரர் முள் நிற்பதற்குள் தட்டைத் தூக்கினால், "நிக்கட்டும், என்ன அவசரம்?" என்று இடுப்பில் கைவைத்து நிற்பாள். ஒரு தாளை மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்து எழுதுகிறவள் வேறு எப்படி இருப்பாள்? வீட்டிலும் அப்படித்தான். நாற்காலியில் உட்காரும் முன் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள். தூசி தெரிந்தால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

நான் அலுவலக வேன் ஓட்டுகிறவன். அவளை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். எடைபோடும் அறையில் உதவியாளராகச் சேர்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே கேட்டுக் கேட்டுப் படித்து, பரீட்சை எழுதி டெக்னீஷியன் ஆனாள். எனக்கு அவள் தங்கச்சி, அவளுக்கு நான் அண்ணன். உடன்பிறந்தவள் இருந்திருந்தால்கூட என்னை இவ்வளவு அதட்டியிருக்க மாட்டாள்.

அந்த மூன்று மாதமும் எங்களுக்கு ஒரே வேலை. மாவட்டத்துக் காற்றில் இத்தனை தூசி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான்கு மொட்டைமாடிகளில் நான்கு மெஷின்கள். உள்ளே ஒரு வடிதாளை வைத்தால் மெஷின் ஒரு நாள் முழுக்கக் காற்றை அதன் வழியாக இழுக்கும். வெள்ளையாகப் போன தாள் சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். அதை வெளியே ஒரு லேப்காரர் சோதிப்பார். மண் அதிகமென்றால் சாலை, கரி என்றால் லாரி, இரும்பு என்றால் வார்ப்படப் பட்டறை, ஈயம் என்றால் பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் கம்பெனி. எங்கள் பெரிய மேடம் அதைக் கைரேகை என்பார்.

தராசுக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று இருந்தது. அவள் மகளுக்கு ஏழு வயது, எங்களுக்கெல்லாம் குட்டி. ஆறு மாதமாக அடிக்கடி வயிற்றுவலி, முகம் வெளிறிப்போய், எதற்கெடுத்தாலும் சிணுங்கல். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், அப்புறம் சத்து டானிக் கொடுத்தார். இரண்டும் கேட்கவில்லை. டீச்சர் வேறு கூப்பிட்டு, "முன்னெல்லாம் கேட்டதும் டக்குன்னு சொல்லுவா. இப்ப என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறா" என்று சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வார்ப்படப் பட்டறையின் புகைபோக்கி. அதுதான் காரணம் என்று இவள் முடிவே கட்டிவிட்டாள். மேடத்திடம் மல்லுக்கட்டி, நான்கில் ஒரு மெஷினைப் பள்ளிக்கூட மாடியில் வைக்க வைத்தாள்.

"ரிசல்ட் வரட்டும்ணே. என் பொண்ணு நெஞ்சுக்குள்ள என்ன போகுதுன்னு பேப்பரே சொல்லிடும்" என்பாள் ஒவ்வொரு முறை ஏணியில் ஏறும்போதும்.

இங்கேதான் நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். நாங்கள் என்றுதான் சொல்கிறேன், நானும் உடந்தை. தாளைப் பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தும் வேலையை அன்றன்று காலையில், அலுவலகத்தின் மூடிய அறையில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. முதல் மெஷினில் தாள் மாற்ற வேண்டியது சரியாக எட்டு மணிக்கு. விதி எழுதிய புண்ணியவான் காலையில் எழுந்தே பார்த்ததில்லை போலிருக்கிறது. மாடியில் வைத்துப் பொருத்தலாம் என்றால் காற்று தாளைக் கிழித்துவிடும். அதனால் தராசு முதல் நாள் சாயங்காலமே பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போவாள். காலை ஏழு மணிக்கு நான் போவேன். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை இரண்டு தடவை துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு தாளைப் பொருத்துவாள். நான் திருகு முடுக்குவேன். யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு வெறுந்தாளும் வரும். அதையும் சட்டத்தில் பொருத்தி, மாடிக்குக் கொண்டுபோய், மெஷினை ஓட்டாமல் ஒரு நிமிடம் வைத்துவிட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். போன வழியில் ஏதாவது அழுக்கு ஒட்டினால் அது காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மாதத்தில் அப்படி எட்டு வெறுந்தாள்கள்.

முடிவு வந்த அன்று மேடம் எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை முழுக்கக் காகிதம். தராசு பள்ளிக்கூடத்துப் பக்கத்தைத்தான் முதலில் தேடினாள்.

"பள்ளிக்கூடத்துல மண்ணும் கரியும்தான். இரும்பு கொஞ்சம். பயப்படுற மாதிரி இல்ல" என்றார் மேடம். "ஆனா ஈயம் காட்டுது. அதைவிட வேடிக்கை, அதே அளவு ஈயம் வெறுந்தாள்லயும் இருக்கு. எட்டுலயும். அப்படின்னா பள்ளிக்கூடக் காத்துல ஈயமே இல்ல. வேற எங்கேயோ தாள்ல ஒட்டியிருக்கு. எங்கே?"

லேப்காரர் முகம் சிவந்துவிட்டது. "என் லேப்ல அப்படி நடக்காது மேடம்."

"வேற எங்க நடக்கும்? மெஷினே ஓடாத தாள் அது. நாளைக்குள்ள எனக்குக் காரணம் வேணும். இல்லேன்னா இந்த எட்டையும் தூக்கிப் போட்டுட்டு வேற லேப் பாத்துக்குறேன்."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்களே, எனக்கு அந்த அறையிலேயே பயம். தராசைப் பார்த்தேன். அவள் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படியில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னேன். "வாயைத் திறக்காத தங்கச்சி. லேப் தலையில விடிஞ்சிடுச்சு, விட்டுரு. வீட்டுல வெச்சுப் பொருத்துனோம்னு தெரிஞ்சா மூணு மாச வேலையும் குப்பை, நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு."

இப்போது நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வண்டியில் ஏறிப் பாதி தூரம் வந்ததும், "ஓரமா நிறுத்துங்கண்ணே" என்றாள். நிறுத்தினேன்.

"நாம தாள் பொருத்தும்போது அவர் என்ன செய்வாரு?"

அவர் என்றால் அவள் கணவர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அந்தப் பேட்டரி கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் வேலை. காலையில் நாங்கள் மேஜையில் குனிந்திருக்கும்போது, முதல் நாள் நாற்காலியில் மாட்டிய வேலைச்சட்டையை எடுத்து, சுருக்கம் போக இரண்டு உதறு உதறிப் போட்டுக்கொள்வார். அந்தச் சத்தம்கூட என் காதில் இருக்கிறது.

"சட்டை" என்றேன்.

"சட்டைதாண்ணே. ஒரு நிமிஷம் திறந்திருந்த தாள்லயே இவ்வளவு ஒட்டியிருக்கு. புள்ளைங்க உடம்புக்குள்ள ஈயம் போனா வயித்துவலி, சோகை, மந்தம் எல்லாம் வரும். குட்டி அந்த மேஜையிலதான் சாப்பிடுறா, படம் வரையிறா. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்ததும் ஓடிப்போய் அவர் வயித்துல மூஞ்சிய புதைச்சுக்குவா. தினமும். நான் நின்னு சிரிச்சுக்கிட்டுப் பாப்பேன்." ஊர்த் தூசியை எல்லாம் எடைபோட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வண்டியத் திருப்புங்க. மேடத்துக்கிட்ட சொல்லணும்."

"சொல்லாமலே குட்டியை டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"ஆறு மாசமா காட்டிக்கிட்டுத்தான இருக்கேன்? என் வீட்டுல ஈயம் இருக்குன்னு சொல்ல என்கிட்ட இருக்கிறது அந்த எட்டுத் தாள்தான். லேப் தப்புன்னு அதைக் குப்பையில போட்டுட்டா, அப்புறம் நான் சொன்னா யாரு கேப்பா? பாவம், அந்த லேப்காரரும் நமக்காகப் பேச்சு வாங்கணுமா?"

திருப்பினேன். மேடத்தின் அறைக்குள் அவளோடு நானும் போனேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை: பெட்டி, மேஜை, சட்டை, குழந்தை. திருகு முடுக்கியது நான்தான் என்று நானும் சொன்னேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நின்றோம்.

"உங்க மேல நடவடிக்கை எடுக்காம இருக்க முடியாது" என்றார். அப்புறம் குரலே மாறிவிட்டது. "குழந்தைக்கு என்ன வயசு? காலையில எட்டு மணிக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. ரத்தத்துல ஈயம் பாக்கச் சொல்லி நானே பேசுறேன். அந்தக் கம்பெனியில எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?"

"நூத்துப் பத்து பேர்" என்றாள் தராசு.

மேடம் அதை எழுதிக்கொண்டார். "அவங்க வீட்டுலயும் குழந்தைங்க இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் அவள் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வழியெல்லாம் அவள் மாப்பிள்ளை எடுக்காத போனைத் திட்டினாள், சிக்னலைத் திட்டினாள், நான் வண்டி ஓட்டுவதைத் திட்டினாள். கம்பெனி பஸ் எங்களுக்கு முன்னால் வந்துவிடக் கூடாதே என்று நானும் வேகத்தைக் கூட்டினேன். ஆனால் முந்திக்கொண்டது பஸ்தான். மாப்பிள்ளை இறங்கி, சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். வாசல் கதவு திறந்தது. குட்டி வழக்கம்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள்.

வண்டி நிற்பதற்குள் தராசு குதித்துவிட்டாள். "தொடாதீங்க! அவளைத் தொடாதீங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை நின்ற இடத்தில் அப்படியே நின்றார். குட்டிக்கும் அவருக்கும் நடுவே நாலடி இருக்கும். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றுகொண்டேன்.

"என்னாச்சு? நான் என்ன பண்ணுனேன்?" என்றார் அவர். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் மூச்சு வாங்கச் சொன்னாள், நாலே வார்த்தையில். சட்டை, ஈயம், தாள், குட்டி. அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். உலைக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் நின்றவர், ஈயம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பையைக் கீழே வைத்தார். நடுத்தெருவில், பக்கத்து வீட்டார் பார்க்க, பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"உதறாதீங்க" என்றாள் அவள்.

"உதறல" என்றார். தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோலச் சட்டையை மெல்லக் கழற்றி, உள்பக்கமாக மடித்து, தராசு வண்டியிலிருந்து எடுத்து நீட்டிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். வெறும் உடம்போடு நின்று கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

குட்டி இதைச் சிலை விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். அசையாதே என்று சொன்னால் அசையாமல் நிற்கும் விளையாட்டு. விரித்த கையை மடக்காமல், ஒரு காலை முன்னால் வைத்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் ஆனதும் கை வலித்திருக்க வேண்டும். "அப்பா, இப்ப வரலாமா?" என்றாள்.

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இன்னும் இல்லடா கண்ணு" என்றார்.