முன்பக்கத்துக்கு ஓர் ஆள்

இந்த நாட்டில் பாதி வண்டிகளின் பின்னால் ஒரு டென்னிஸ் பந்து மாட்டியிருக்கிறது. வந்த புதிதில் அதைத் திருஷ்டிக்கு என்றே நினைத்தேன். நம்மூரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதில்லையா, அதுமாதிரி. கேரவனை மாட்டி இழுக்க வண்டிக்குப் பின்னால் ஓர் இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதிலுள்ள கிரீஸ் நடந்துபோகிறவர் கால்சட்டையில் ஒட்டாமலிருக்கப் பந்தை வெட்டி மூடிவைக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இன்று அந்தக் குண்டுதான் எனக்குச் சோறு போடுகிறது. அடிலெய்டுக்கு வடக்கே ஒரு கேரவன் பட்டறையில் பெரிய வண்டிகளுக்கு இழுவைச் சாமான்கள் பொருத்துவது என் வேலை.

கேரவன் என்றால் சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ், குளிர்பெட்டி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் அதை இழுத்துக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் ஊர் சுற்றுவார்கள். அதை இழுக்க வாங்குகிற வண்டிகளைப் பார்த்தால் நமக்கு வயிறு எரியும். அந்த வண்டியின் பானெட் என் நெஞ்சு உயரத்துக்கு வரும். மூன்றரை டன்னை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாலும் உள்ளே தேநீர்க் கோப்பை அலுங்காது.

எங்கள் வாடிக்கைக்காரர் கிரஹாமிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மனைவி லினெட்டோடு முதல்முறை பட்டறைக்கு வந்தபோது, நம்மூர் வழக்கப்படி, "எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்டுவைத்தேன். கேரவன் மாட்டினால் இருபது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இவ்வளவு பெரிய வண்டி இருபது கொடுக்கிறதா, பிரமாதம்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. நான் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர். நான் கிண்டல் செய்கிறேன் என்று அந்த மனிதர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

டீசல் கணக்கைக் கிரஹாமும் பேசுவார். எதிர்க்காற்று அடித்தால் கூடக் குடிக்கிறது, வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் மிச்சமாகிறது என்பார். அவருக்கு அது காலாற நடந்துகொண்டே பேசுகிற பேச்சு. என் அண்ணன் கோதண்டத்துக்கு அது உயிரைப் பணயம் வைக்கிற கணக்கு. இந்த இரண்டையும் ஒரே காதால் கேட்டுக்கொண்டு நான் எப்படி வாயை மூடி வேலை பார்க்கிறேன் என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் கிராமம். அப்பா போனபிறகு அண்ணன் ஒரு பழைய டிராக்டரும் டிரெய்லரும் வாங்கி, கரும்பு லோடு அடித்து என்னை விழுப்புரத்தில் டிப்ளமா படிக்கவைத்தார். திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டிச் சர்க்கரை ஆலைக்குப் போகவேண்டும். ஒரு லோடை இரண்டு நடையாக அடித்தால் டீசலும் இரண்டு மடங்கு. அதனால் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிவிடுவது வழக்கம். அப்படி ஏற்றினால் மேட்டில் பின்பாரம் அழுத்தி டிராக்டரின் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். சக்கரம் எழும்பினால் ஸ்டியரிங் பேசாது. அதற்கு எங்கள் பக்கத்து வைத்தியம் ரொம்பச் சுலபமானது. ஓர் ஆள் ஓடிப்போய் முன்பம்பரில் ஏறி உட்காரவேண்டும்.

அந்த ஆள் நான்தான். டிப்ளமா முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்த காலமெல்லாம் கரும்புப் பருவத்தில் என் உத்தியோகம் எடையாக இருப்பது. திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போது, "ஏறுடா, ஜல்தி!" என்று அண்ணன் கத்துவார். பானெட் சூடு முதுகைச் சுட, கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பேன். சறுக்கினால் நேரே சக்கரத்துக்கடியில்தான் போகவேண்டும். அதெல்லாம் அப்போது தோன்றியதே இல்லை. எதிரே வரும் பஸ் டிரைவர்கள் கைகாட்டிவிட்டுப் போவார்கள்.

இங்கே வந்து இந்த வேலையில் சேர்ந்தபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. எந்தக் கனத்துக்கு எந்தக் குண்டு, எந்த இடத்தில் பாரம், பிரேக் இல்லாத டிரெய்லரைத் தெருவில் விட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் இங்கே சட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். அண்ணன் டிரெய்லருக்கு அன்றைக்கும் பிரேக் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. போன் பண்ணும்போதெல்லாம் நச்சரிப்பேன். "அளவா ஏத்துங்கண்ணா. முன்னாடி யாரையும் ஒக்கார வைக்காதீங்க."

"யாரு ஒக்கார்றாங்க? நீ போனப்புறம் அம்மாவோட ஆட்டுக்கல்ல சங்கிலி போட்டுக் கட்டிகினு ஓட்டறேன்டா. ஒன்ன மாதிரி வாய் பேசாது, பேஜாரே இல்ல" என்று சிரிப்பார். கிரைண்டர் வாங்க நான் பணம் அனுப்பியபிறகு ஆட்டுக்கல் கொல்லையில் சும்மா கிடந்தது. என் இடத்தில் ஒரு கல் உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வலித்தது, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியில் பல வருஷம் ஓடிவிட்டது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பண்டிகை முடிந்ததும் லோடு கிளம்பியது. நானும் அண்ணன் பக்கத்தில் மட்கார்டில் தொற்றிக்கொண்டேன். முன்பக்கம் ஆட்டுக்கல் சொன்னபடியே இருந்தது. அண்ணியும் கூட ஏறி எதிர் மட்கார்டில் உட்கார்ந்தார். விக்கிரவாண்டியில் அவருடைய அக்கா வீடு இருக்கிறது, அங்கே போகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேம்பாலம் வந்தது. பாதி மேட்டில் கல்லையும் தூக்கிக்கொண்டு முன்சக்கரம் எழும்பியது. அண்ணன் கத்தவில்லை, தலையை மட்டும் அசைத்தார். அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, ஊர்ந்துகொண்டிருந்த வண்டியோடு ஓடி, ஆட்டுக்கல்லில் கால்வைத்து ஏறி, பம்பரில் உட்கார்ந்துவிட்டார். சக்கரம் தரைக்கு வந்தது. அவர் ஏறிய லாவகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது ஒருநாள் இருநாள் பழக்கமில்லை.

பாலம் இறங்கி வண்டி ஓரம்கட்டியதும் அண்ணனைப் பார்த்து நாக்கூசாமல் திட்டினேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அண்ணியிடம் போனேன். "எறங்குங்க அண்ணி. இனிமே நீங்க இங்க ஒக்காரவே கூடாது."

அண்ணி முகத்தில் கோபமே இல்லை. தலைமுடியில் ஒட்டியிருந்த கரும்புச் சோகையைப் பிய்த்துப் போட்டபடி சொன்னார்: "சரி தம்பி, எறங்கிக்கிறேன். நீ வந்து ஒக்காரு."

என் திரும்பும் டிக்கெட் அந்த வாரமே இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

மறுநாளே திண்டிவனத்துக்குப் போய் டிராக்டர் முன்பக்கத்தில் மாட்டுகிற வார்ப்பிரும்பு எடைக்கட்டிகள் வாங்கிவந்தேன். என் கையாலேயே போல்ட் போட்டு முடுக்கினேன். பட்டறையில் செய்வதுபோல முன்னால் அளந்து, பின்னால் அளந்து, சுத்தமாகப் பொருத்தினேன். ஆட்டுக்கல்லைக் கழற்றிக் கொல்லையில் போட்டேன். அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், முகமெல்லாம் பூரிப்பு. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நான் திரும்பிக் கிளம்புகிற அன்று களத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லரின் பக்கவாட்டில் புதிதாக நீள மூங்கில்கள் நட்டு, கரும்பு முன்னைவிட ஓர் ஆள் உயரம் கூடப் போயிருந்தது. "இன்னாண்ணா இது?" என்றேன்.

"நீ போட்ட வெயிட்டு இருக்குதில்ல, இன்னும் ஒரு டன்னு தாங்கும்டா. அதே டீசல்தான!" என்றார் அண்ணன். என் மூளையை மெச்சிக்கொள்கிற குரலில்தான் சொன்னார்.

அண்ணி மட்கார்டில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "பத்திரமா போய்ட்டு வா தம்பி" என்றார். யார் யாருக்குச் சொல்லவேண்டிய வார்த்தை! அந்த டிராக்டரையே கொளுத்திவிடலாமா என்று இருந்தது எனக்கு. கொளுத்தினால் அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்று நான்தான் பதில் சொல்லவேண்டும். ஒன்றும் செய்யாமல் கார் ஏறி மீனம்பாக்கம் போனேன்.

திரும்பி வந்த வாரமே கிரஹாமும் லினெட்டும் பட்டறைக்கு வந்தார்கள். பழையதை விற்றுவிட்டு இன்னும் நீளமான கேரவன் வாங்கியிருந்தார்கள். மாட்டினால் வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் தூக்குகிறதாம், ஓட்டும்போது கைக்கு லேசாக இருக்கிறதாம், டீசலும் கூடப் போகிறதாம். இதற்கென்றே ஸ்பிரிங் கம்பிகள் உண்டு. இரண்டு கம்பியை வளைத்து மாட்டினால் பின்னால் அழுத்துகிற பாரத்தில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்குத் திரும்பிப் போய்விடும். அதைப் பொருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் அண்ணி செய்கிற வேலையை இங்கே இரண்டு கம்பி செய்கிறது என்று கிரஹாமிடம் சொல்லிப் பார்த்தேன். வண்டி ஓடும்போதே முன்னால் ஏறி உட்காருவார் என்றும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ரொம்ப ஜாலியாக இருக்குமே என்றார். லினெட்டுக்கு போட்டோ பார்க்கவேண்டுமாம்.

கம்பி மாட்டுமுன் ஒருதரம் அளவு பார்ப்பதற்காகக் கேரவனை மெல்ல இறக்கிக் குண்டில் உட்காரவைத்தேன். பாரம் அழுத்தியது. அந்தப் பெரிய வண்டி முணுக்கென்று முன்பக்கம் தூக்கியது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போனேன். அளந்த ஞாபகம் இல்லை. "மேட், டீ பிரேக்கா?" என்று கிரஹாம் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது, நான் அந்த வண்டியின் பம்பரில் ஏறி, கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வண்டிக்கு என் எடை ஒரு பொருட்டே இல்லை. முன்பக்கம் ஒரு மயிரிழைகூட இறங்கியிருக்காது. பட்டறைக் கடிகாரத்தைப் பார்த்தேன், மதியச் சாப்பாட்டு நேரம். இங்கே மதியம் என்றால் ஒலக்கூரில் காலை, லோடு மேம்பாலம் ஏறுகிற நேரம்.

ஆமாம், டீ பிரேக்தான் என்றேன். பாலம் ஏறி முடிக்கிற வரைக்கும் அங்கிருந்து இறங்கவில்லை.